அவள் சொன்னதை அப்படியே

தோழர் ஷூபின் அன்று காலை கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். மூன்று வருடங்களில் அவர் தட்டியது அதுவே முதல் தடவை. கையில் ஒரு நீலப் பட்டுக் கவுன். தன்னுடையதுதான் என்று செராஃபிமா பாவ்லோவ்னாவுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. புரட்சி நடந்த வருடம் சோதனை போட வந்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போன துணிகளில் ஒன்று.

"மத்தியானம் இதைப் போட்டுக்கிட்டுக் கீழ வாங்க," என்றார். நேற்றுவரை வெறும் 'வா'தான்.

வோல்கா நதியைப் பார்த்து நின்ற அந்தப் பெரிய ஓட்டலின் முதல் மாடியில், அவள் கணவர் லுகோவ்ஸ்கிப் பிரபு குளிர்காலம் முழுக்க ஆறு அறைகள் எடுத்து வைத்திருந்த காலம் ஒன்று உண்டு. அவர் தெற்கே, புரட்சியை எதிர்த்த வெள்ளைப் படையோடு போய்க் காய்ச்சலில் செத்தார். அவளைப் பிடித்தவர்கள், சிறையில் இடமில்லாததால், இதே ஓட்டலின் நான்காம் மாடியில் பணிப்பெண்கள் தூங்கிய அறையொன்றில் அடைத்தார்கள். ஓட்டல் வாசற்படியைத் தாண்டினால் சுடலாம் என்று காவலனுக்கு உத்தரவு. இப்போது அந்தக் கட்டிடத்துக்கு 'நான்காம் சோவியத் இல்லம்' என்று பெயர். ஷூபின்தான் அதன் பொறுப்பாளர். நல்ல அறைகளில் அதிகாரிகள் இருந்தார்கள். அவர்களுடைய கிழிந்த படுக்கை விரிப்புகளை அவள் தைத்துக் கொடுத்தாள்.

"வெளிநாட்டுத் தோழர்கள் நாலு பேர் வர்றாங்க. பிரெஞ்சுதான் பேசுவாங்களாம். சலவைக்காரி பெலகேயா பேசுவா, நீங்க அவங்களுக்கு மாத்திச் சொல்லணும். நல்லபடியா முடிஞ்சா நாளைக்கே உங்க ரீகா மனுவுல கையெழுத்துப் போட்டுடறேன்."

எல்லைக்கு அப்பால் ரீகாவில் அவள் தங்கை இருந்தாள். அங்கே போக அனுமதி கேட்டு, நான்கு முறை திருப்பி அனுப்பப்பட்ட மனு அது.

"என் கவுனை எனக்கே இரவல் தர்றீங்க," என்றாள் செராஃபிமா. "கறை படாமப் பாத்துக்கறேன், ஷூபின்."

சாப்பாட்டுக் கூடத்தில் வெள்ளை ரொட்டியின் மணம் வாசலிலேயே அவளை நிறுத்தியது. கவுன் தோளில் தொளதொளவென்று தொங்கியது. பெலகேயாவைப் புதுத் தலைக்குட்டை கட்டி நிறுத்தியிருந்தார்கள். நாற்பது வயதிருக்கும், முழங்கைவரை சிவந்து வெந்த கைகள். அவள் செராஃபிமாவை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"இந்தக் கழுத்துப் பட்டிக்கு நான் எத்தனை தடவை கஞ்சி போட்டிருக்கேன் தெரியுமா, சீமாட்டியம்மா? ஒரு நாள் சுருக்கம் இருக்குன்னு மூஞ்சியில விட்டெறிஞ்சீங்க."

"எனக்கு ஞாபகம் இல்ல."

"எனக்கு இருக்கு."

விருந்தினர்கள் உட்கார்ந்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு பெண், புரட்சிக்குப் பிறகு உங்கள் வாழ்க்கையில் என்ன மாறியிருக்கிறது என்று கேட்டாள். பெலகேயாவுக்கு ஒரு வாரமாகப் பாடம் நடத்தியிருந்தார் ஷூபின். அவளும் சரியாகத்தான் ஆரம்பித்தாள். முன்பு முதலாளிகளுக்காகத் துவைத்தோம், இப்போது எங்களுக்காக... அங்கே நின்றுவிட்டாள். அவள் கண் மேசை மேலிருந்த ரொட்டியில் இருந்தது.

"இந்த ரொட்டி இன்னிக்குக் காலையிலதான் வந்துச்சு. நீங்க எழுந்ததும் மாடிக்குப் போயிடும். எங்களுக்குப் பீட்ரூட் தழைச் சூப்புதான். போன மாசம் அன்னுஷ்கா துவைச்சுக்கிட்டே மயங்கித் தொட்டிக்குள்ள விழுந்தா. தூக்கறதுக்குள்ள செத்துட்டா. முன்னாடியும் துவைச்சேன், இப்பவும் துவைக்கிறேன். யாருக்குங்கறதுதான் மாறியிருக்கு."

அந்த மேசையில் ரஷ்ய மொழி தெரிந்தவர்கள் மூன்றே பேர். ஷூபினின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது.

"இவ நன்றி சொல்றான்னு சொல்லுங்க," என்றார்.

செராஃபிமா ரீகாவுக்குப் போகும் ரயிலை நினைத்தாள். தங்கையின் முகம்கூட வந்துபோனது. இந்தச் சலவைக்காரி எனக்கு யார் என்றும் கேட்டுக்கொண்டாள். மூன்று வருடமாக அவர்கள் சொன்னதையெல்லாம் செய்திருந்தாள்: தைத்தாள், கையெழுத்துப் போட்டாள், நிற்கச் சொன்ன இடத்தில் நின்றாள். அதெல்லாம் கையும் காலும் செய்த வேலை. இன்றைக்கு நாக்கைக் கேட்கிறார்கள். வீட்டையும் நிலத்தையும் எடுத்துக்கொண்டபோது வராத கோபம் அப்போது அவளுக்கு வந்தது.

நிதானமாக, ஒரு சொல் விடாமல் பிரெஞ்சில் சொன்னாள். ரொட்டி, சூப்பு, அன்னுஷ்கா. கடைசியில், "இவள் முன்பு துவைத்தது எனக்காக. ஒருமுறை நான் துணியை இவள் முகத்தில் வீசியிருக்கிறேன்," என்பதையும் சேர்த்துக்கொண்டாள். கண்ணாடிக்காரி கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் திரும்ப வைத்தாள். அதைப் பார்த்துத்தான் ஷூபினுக்குப் புரிந்தது.

சாயங்காலத்துக்குள் நகரத்திலிருந்து விசாரணை அதிகாரி வந்துவிட்டார். தூக்கமில்லாத கண்களுடைய ஆள்.

"விருந்தாளிங்க கோவிச்சுக்கிட்டுப் போயிருக்காங்க. யார் சொன்னது அதெல்லாம்?"

ஷூபின் பெலகேயா பக்கம் திரும்பினார். அவர் வாயைத் திறக்கும் முன் செராஃபிமா பேசினாள்.

"அவ நன்றிதான் சொன்னா. மத்ததெல்லாம் நானாச் சொன்னது."

பெலகேயா ஏதோ சொல்ல முன்னே வந்தாள்.

"உன்னை யாரும் கேக்கல," என்றாள் செராஃபிமா. வேலைக்காரர்களை விரட்டிய அதே பழைய குரல். பெலகேயாவின் கால்கள் தாமாக நின்றன.

ஷூபின் யோசித்தார். தான் ஒரு வாரம் சொல்லிக்கொடுத்த தொழிலாளி இப்படிப் பேசினாள் என்று ஒத்துக்கொண்டால் தன் தலையும் சேர்ந்து உருளும்.

"ஆமா. நன்றிதான் சொன்னா," என்றார்.

ரீகா மனுவை அவள் கண்ணெதிரே கிழித்தார்கள். கோப்பு நகரத்துக்குப் போனது. தீர்ப்பு வரும்வரை சலவை அறையில் வேலை, படுக்கையும் அங்கேயே என்று உத்தரவானது.

மறுநாள் காலை, நிலவறையின் நீராவியில் பெலகேயா அவளை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. நான்கு தொட்டித் துணி முடிந்த பிறகுதான் பேசினாள்.

"நன்றியெல்லாம் சொல்ல மாட்டேன்."

"நான் கேக்கல."

"நேத்து நாய விரட்டற மாதிரி விரட்டுனீங்க."

"வேற எப்படிச் சொல்லியிருந்தா நீ நின்னிருப்ப?"

பெலகேயா மூக்கால் சிரித்தாள். ஈரமான விரிப்பொன்றின் முனையை அவள் கையில் திணித்தாள். "நீ அந்தப் பக்கம் முறுக்கு. கைக்குட்டை பிழியற மாதிரி பிழியாத. உடம்பைக் குடுத்து முறுக்கு."

பாதி முறுக்கியிருந்தபோது மேலே படிக்கட்டிலிருந்து காவலனின் குரல் கேட்டது.

"லுகோவ்ஸ்கயா! மேல வா. நகரத்துலேருந்து ஆள் வந்திருக்கு."

தன் குடும்பப் பெயரைக் கேட்டதும் செராஃபிமா விரிப்பைக் கீழே வைக்கப் போனாள். பெலகேயா தன் முனையைச் சுண்டி இழுத்தாள்.

"வேலை இருக்கு," என்று மேலே பார்த்துக் கத்தினாள். "முடிச்சுட்டு வருவா."

செராஃபிமா கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டாள். இருவரும் எதிரெதிர்ப் பக்கமாக முறுக்கினார்கள். விரிப்பு வடக்கயிறுபோல் இறுகி இருவருக்கும் நடுவே விறைத்து நின்றது. அதிலிருந்து சாம்பல் நிறத் தண்ணீர் கல் தரையில் கொட்டிக்கொண்டே இருந்தது.