வேம்புலியம்மாள் கேட்ட கேள்வி

கஞ்சிக் கரண்டியை வாயருகே கொண்டுபோனதும் வேம்புலியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புருஷன் கோதண்டம் அதைக் கிண்ணத்திலேயே திரும்ப வைத்தான்.

“ரெண்டு வாய் குடிம்மே. காத்தாலேந்து ஒண்ணும் உள்ள போவல.”

“வள்ளி எங்க?”

“தண்ணிக்குப் போயிக்கிறா.”

“அவள ஏன்யா அனுப்பினே? பரிட்ச வருதில்ல. வந்தா பொஸ்தகத்த எடுக்கச் சொல்லு.”

வயிற்றில் கட்டி. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பட்டணத்து ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அண்ணனூர் வீட்டுக்குக் கூட்டி வந்ததிலிருந்து அவள் தனக்கென்று எதுவும் கேட்கவில்லை. மகளின் பரீட்சையைப் பற்றித்தான் பேச்செல்லாம்.

“அங்க அடுப்பு கூட இருந்திச்சில்ல?” என்றாள் திடீரென்று.

எங்கே என்று அவன் கேட்கவில்லை. “ஆமா. பெரிய பெரிய அடுப்பு.”

“அத்தினி பேருக்கு யாருய்யா ஆக்கிப் போட்டிருப்பாங்க?” சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு இருமலாகிவிட்டது.

கோதண்டம் ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் நடுவே ரயில் பாதை பார்க்கும் கேங்கில் இருந்தான். போன மார்கழியில் அவனுக்கு இலவசப் பாஸ் கிடைத்தபோது, திருப்பதிக்கா காசிக்கா என்று தெருவில் எல்லோரும் கேட்டார்கள். வேம்புலி நாளந்தாவுக்கு என்றாள். பெரம்பூர் பௌத்த சங்கத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களுக்குப் போய்வந்ததில் பிடித்த ஆசை. அந்தக் காலத்தில் எந்தெந்த தேசத்திலிருந்தோ ஆயிரக்கணக்கானவர்கள் வந்து தங்கிப் படித்த இடம். “படிக்க வந்தவன இன்னா ஜாதின்னு கேட்டு வெளிய நிறுத்தலியாம்யா” என்று அவள் சொன்னபோது, எப்போதும் சொல்வதைத்தான் அவன் சொன்னான்: “உன் இஷ்டம்.”

இடிந்த சுவரைப் பார்க்க இத்தனை தூரமா என்று தெருவே சிரித்தது.

சங்கத்துக்காரர்களோடு கல்கத்தா போய், அங்கிருந்து பெரிய ரயிலும் சின்ன ரயிலுமாக மாறிப் போய்ச் சேர்ந்தார்கள். எலும்பைக் குத்தும் குளிர். எங்கே பார்த்தாலும் செங்கல். இன்னும் ஒரு பக்கம் தோண்டிக்கொண்டே இருந்தார்கள். தலையில் மண் கூடையோடு வரிசையாகப் போன பெண்களை வேம்புலி நின்று பார்த்தாள். அதில் ஒருத்தி இவளைப் பார்த்துச் சிரித்தாள். பாஷை தெரியாமல் இவளும் சிரித்தாள்.

முற்றத்தில் பெரிய அடுப்புகள், அதைச் சுற்றிச் சின்னச் சின்ன அறைகள். சுவரோரம் படுக்கத் திண்டு, விளக்கு வைக்க மாடம். ஓர் அறைக்குள் நுழைந்தவள், யாரும் எதிர்பார்க்காதபோது அந்தத் திண்டில் நீட்டிப் படுத்துவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கிடந்தாள். கோதண்டத்துக்கு வெட்கமாகப் போயிற்று. கூட வந்த இலங்கை பிக்குவுக்குத் தமிழ் தெரியும். அவர் புன்னகைத்தபடி வாசலில் நின்றார்.

எழுந்து உட்கார்ந்தவள் அவரைக் கேட்டாள்: “சாமி, பொம்பளைங்க இங்க படிச்சாங்களா?”

“எனக்குத் தெரிந்த வரையில் இல்லை, அம்மா” என்றார் பிக்கு.

அவள் சேலையில் ஒட்டியிருந்த செங்கல் தூளைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தாள். கல்கத்தா திரும்பி, சென்னைக்கு ரயிலேறி உட்கார்ந்ததும், “வள்ளி படிக்கட்டும்யா. வாத்தியாரம்மா வேலைக்குப் படிக்கட்டும்” என்றாள்.

அந்தத் தையில் மகள் நாகவல்லிக்கும் வேம்புலியின் தம்பி எத்திராஜின் மகனுக்கும் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தார்கள். வேம்புலி நேரே போய் வேண்டாமென்று சொல்லிவிட்டாள். செங்கல் வண்டி ஓட்டும் எத்திராஜ் அன்றிலிருந்து இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பெண் பூந்தமல்லிப் பள்ளிக்கூடத்து ஆஸ்டலில் சேர்ந்தாள். அம்மாவுக்கு முடியாமல் போனதும் திரும்பி வந்தவள்தான்.

வெயில் சாயும் முன் வேம்புலி போய்விட்டாள். நாகவல்லி விசிறிக்கொண்டிருந்தாள். விசிறி நிற்காமலே இருந்ததால், கோதண்டம் அவள் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

தகவல் போனதும் எத்திராஜ் வந்தான். அக்காவின் காலைக் கட்டிக்கொண்டு அவன் அழுத அழுகையில் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்களே நிறுத்திவிட்டார்கள். மறுநாள் காலையில் பெரம்பூரிலிருந்து சங்கத்தார் வந்து தலைமாட்டில் உட்கார்ந்து புத்தம் சரணம் சொன்னார்கள். பாடை கட்டுவதை நின்று பார்த்துக்கொண்டிருந்த கோதண்டத்தின் பக்கத்தில் எத்திராஜ் வந்து நின்றான்.

“மாமா, வூட்ல பொம்பள இல்லாம வயசுப் பொண்ண வெச்சிகினு இன்னா பண்ணுவே? கருமாதி முடிஞ்சதும் சுருக்க கல்யாணத்த முடிச்சிடலாம். அக்கா இருந்த வரிக்கும் நான் பேசல. இனிமே உன் கையில தான கீது.”

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். இவன் என்ன சொல்லுவான் என்று அவர்களுக்குத் தெரியும்.

கோதண்டம் மூங்கிலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“பொண்ணு படிக்கப் போவுது மச்சான்.”

“இது அக்கா பேச்சு.”

“அக்கா அதோ படுத்துகினு கீறா. பேசறது நான்.”

எத்திராஜின் முகம் கறுத்தது. அவன் போய்ப் பாடையின் முன்பக்கம் தோள் கொடுத்தான். சுடுகாடு வரைக்கும் தோள் மாற்ற ஒருவரையும் விடவில்லை. குழியில் மண் தள்ளிவிட்டு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டான்.

பால் தெளித்து முடிந்த அன்று சாயங்காலம் நாகவல்லி அப்பாவின் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“நான் போவல நைனா. துக்க வூட்ல இருந்து பரிட்சைக்குப் போனா நாலு பேர் இன்னா சொல்லுவாங்க? உனக்குத்தான் யாரு சோறாக்கறது?”

“கேங்குக்கே கஞ்சி காச்சினவன்டி நான்.”

“உப்பே போட மாட்டே.”

“அப்ப நீ லீவுக்கு வந்து போடு.”

அம்மா போன பிறகு அன்றுதான் அவள் அழுதாள். அவன் தடுக்கவில்லை. அழுது முடித்ததும் எழுந்துபோய்த் தகரப் பெட்டியில் துணியை மடித்து வைத்தாள்.

விடிந்ததும் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கோதண்டம் வெளியே வந்தான். திருவேற்காடு வழியாகப் பூந்தமல்லிக்கு நடந்தே போய்விடுவதாக எண்ணம். தெருவில் எத்திராஜின் வண்டி நின்றிருந்தது. செங்கல் தூளைக் கழுவிவிட்டு வைக்கோல் பரப்பி மேலே கோணி விரித்திருந்தது.

“ஏறு வள்ளி” என்றான் எத்திராஜ், மாட்டைப் பார்த்துக்கொண்டே.

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவன் பெட்டியை வண்டியில் வைத்தான். ஏறி உட்கார்ந்ததும் அவள் புத்தகத்தை விரித்து உதடசையப் படிக்க ஆரம்பித்தாள்.

வண்டி சத்தமில்லாமல் கிளம்பியது. அவள் படிக்கும் முணுமுணுப்பு மட்டும் கேட்டது. தெரு முனை திரும்பும்போதுதான் கோதண்டம் கவனித்தான். மாடுகளின் கழுத்து மணிகளை அவிழ்த்து எத்திராஜ் தன் மடியில் வைத்திருந்தான்.