மூடியவர் திறக்க வேண்டும்

“எல்லாப் படகுகளுக்கும் கோபுரத்திலிருந்து அறிவிப்பு. பழைய படகுத்துறைக்கு எதிரே நீர்வழி பத்து மணி முதல் நாலு மணி வரை மூடப்படுகிறது. தண்ணீருக்கு அடியில் ஆட்கள் வேலை செய்கிறார்கள். சிவப்பு மிதவைகளை யாரும் தாண்ட வேண்டாம்.”

அவள் இதை மூன்றாம் தடவையாகச் சொல்லி முடிப்பதற்குள், மேசைமேல் கிடந்த கைபேசி அதிர்ந்து அதிர்ந்து டீ டம்ளர் வரைக்கும் நகர்ந்து போயிருந்தது. வயர்லெஸ் பொத்தானிலிருந்து விரலை எடுத்த பிறகுதான் அதைத் தொட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து தம்பி.

“அக்கா, மத்தியானம் தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அப்பா உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருக்காரு. கிளம்பி வந்துடு.”

மணி பத்தைத் தாண்டி மூன்று நிமிடம். ஐந்து நிமிடம் முன்னால் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். பாவம், கடிகாரம் பார்த்துச் சொல்கிற செய்தியா அது? வருகிறேன் என்றாள். எப்படி வருவாய் என்று அவன் கேட்கவில்லை. அவனுக்குத் தெரியும். நேற்று ராத்திரி சாப்பிடும்போது நாளைக்கு நீர்வழியை மூடப்போகிறோம் என்று அவள்தான் சொல்லியிருந்தாள்.

கோபுரத்தின் கண்ணாடி வழியே பார்த்தால் எதிர்க்கரையில் ஆஸ்பத்திரியின் தண்ணீர்த் தொட்டி தெரியும். கை நீட்டினால் எட்டிவிடும் போல இருக்கும். பயணிகள் படகில் எட்டே நிமிடம். பாலத்தைச் சுற்றிப் போவதென்றால் இரண்டு பஸ் மாற வேண்டும், இரண்டரை மணி நேரம். அதற்கும் நாற்காலியை விட்டு எழுந்தால்தானே. காலை ஷிப்ட்டில் அவள் ஒருத்திதான். அப்படியே மாற்று ஆள் வந்தாலும் அவள் நகர முடியாது. நீர்வழியை மூடியவர்தான் திறக்க வேண்டும். அதுதான் அங்கே விதி.

வேலை பழைய படகுத்துறையின் அடியில் நடந்தது. உள்ளே இருந்த இரும்பு துருப்பிடித்து, கான்கிரீட் தூண்கள் எப்போது விழும் என்று சொல்ல முடியாத நிலையில் நின்றன. கிரேன் மேலிருந்து சங்கிலி போட்டுப் பிடித்துக்கொள்ளும், டைவர்கள் கீழே போய் அடியில் அறுப்பார்கள். பாதி அறுத்த தூண் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருக்கும்போது ஒரு படகு போனால் போதும். படகு கிளப்புகிற அலையில் தூண் ஆடும். கீழே இருக்கிறவன் கதி அதோகதிதான்.

டைவர்கள் நாலு பேர். தண்ணீரில் இறங்கும்போது ஒவ்வொருவரின் எண்ணையும் மிதவை மேடையில் நிற்கும் மேஸ்திரி வயர்லெஸ்ஸில் சொல்வார். அவள் நோட்டில் எழுதிக்கொள்வாள். மேலே வரும்போதும் அப்படியே, ஒவ்வொன்றாக. எல்லாரும் வந்தாச்சு என்று சொல்லக் கூடாது. எல்லாரும் என்ற சொல்லுக்கே அந்த வயர்லெஸ்ஸில் இடம் கிடையாது.

அந்த விதி வந்ததே அவளுடைய அப்பாவால்தான். அவள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது அவர் பயணிகள் படகின் ஓட்டுநர். இதே போல ஒரு நாள், இதே போல ஒரு வேலை. எல்லாரும் மேலே வந்தாச்சு, போகலாம் என்று கரையிலிருந்து சொன்னார்கள். அவர் போனார். ஒருவன் வந்திருக்கவில்லை. விசாரணையில் அப்பாமேல் தப்பில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். தப்பு என்று எழுதியிருந்தால்கூட மனுஷன் தேறியிருப்பார். அதற்குப் பிறகு அவர் சுக்கானைத் தொடவே இல்லை. ஓய்வு பெறும்வரை படகுத்துறை வாசலில் டிக்கெட் கிழித்தார்.

வீட்டில் அது வேறு விதமாக வெளிப்பட்டது. குடும்பமாக எங்கே போனாலும், பஸ் ஏறினால், இறங்கினால், சினிமாக் கொட்டகையிலிருந்து வெளியே வந்தால், “ஒண்ணு?” என்பார். அவள் “ஒண்ணு” என்று சொல்ல வேண்டும். “ரெண்டு?” தம்பி சொல்ல வேண்டும். இருப்பதே இரண்டு பிள்ளைகள், அதற்கு இடது கையில் சுண்டுவிரலிலிருந்து மடக்கிக்கொண்டே வருவார். மூணு அம்மா. அம்மா கடைசிவரைக்கும் ஒரு தடவைகூட ஒழுங்காகச் சொன்னதில்லை, பக்கத்திலேயே நின்றுகொண்டு தொலைஞ்சு போயிட்டேன் என்பாள். துறையில் அப்பாவுக்கு ‘ஒண்ணுரெண்டு’ என்றே பெயர் விழுந்துவிட்டது. கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போனால்கூட, ஒண்ணுரெண்டு மகளா நீ என்றுதான் கேட்டார்கள்.

பத்தேகாலுக்குப் பயணிகள் படகிலிருந்து குரல் வந்தது. இப்போதைய ஓட்டுநர், ஒரு காலத்தில் அப்பாவின் படகில் கயிறு வீசியவர். அவளுக்குச் சித்தப்பா முறை என்று யாரும் ஏற்படுத்தாமலே ஆகிவிட்டவர். தம்பி அவருக்கும் போன் செய்திருக்கிறான்.

“பாப்பா, விஷயம் கேள்விப்பட்டேன். இறங்கி வா. ஓரமா, இன்ஜினை அடக்கி, அலையே எழும்பாம கொண்டு போயிடறேன்.”

“வேண்டாம் சித்தப்பா. தண்ணிக்குள்ள நாலு பேர் இருக்காங்க.”

“உங்கப்பா எனக்கு அண்ணன் மாதிரிம்மா.”

“அதனாலதான் வேண்டாங்கறேன்.”

அது பொது அலைவரிசை. துறையில் வயர்லெஸ் வைத்திருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். மிதவைக்கு வெளியே மணல் ஏற்றி நின்ற தோணிக்காரன் மூடியதிலிருந்து இன்னும் எவ்வளவு நேரம், இன்னும் எவ்வளவு நேரம் என்று பிராணனை வாங்கிக்கொண்டிருந்தான். அவன்கூடக் கப்சிப்பென்று ஆகிவிட்டான்.

கொஞ்ச நேரத்தில் மேஸ்திரி கூப்பிட்டார். பத்து வருஷமாகத் தெரிந்த குரல். இரண்டு தூண்கள் பாதி அறுத்து நிற்பதாகவும், அப்படியே விட்டுவிட்டு வெளியே வர வழியில்லை என்றும் சொன்னார். “ஒரு மணிக்குள்ள முடிச்சுத் தர்றேன் தங்கச்சி. நாலு மணி வரைக்கும் இழுக்க மாட்டேன். என்னை நம்பு.”

சரிண்ணே என்றாள். ஒரு மணிக்குத் திறந்தால் ஒன்றே காலுக்கு அப்பாவிடம் இருக்கலாம். மத்தியானம் என்றால் ஒரு மணியும் மத்தியானம்தானே, இரண்டு மணியும் மத்தியானம்தானே என்று டாக்டரின் வார்த்தையை இழுத்து இழுத்துப் பார்த்தாள்.

இரண்டு மணிக்கு வரவேண்டிய மதிய ஷிப்ட்காரர், எந்த நாளும் பத்து நிமிடம் தாமதமாக வந்து பழியைப் பஸ்மேல் போடுகிறவர், அன்று பன்னிரண்டுக்கே படியேறி வந்துவிட்டார். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. நீங்கள் எழுந்திருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். நான் மூடியது சார் என்றாள். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்தாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

பன்னிரண்டு நாற்பதுக்கு மேஸ்திரியின் குரல் வந்தது.

“தங்கச்சி, எல்லாரும் மேல வந்தாச்சு. திறந்துக்கோ. கிளம்பு.”

அவள் எழுந்தே விட்டாள். பொத்தானில் கட்டைவிரல் இருந்தது. நீர்வழி திறக்கப்பட்டது என்று இரண்டு சொல், அவ்வளவுதான். கீழே படகின் இன்ஜின் உறுமுகிற சத்தம் கேட்டது. சித்தப்பா முந்திக்கொண்டு கிளப்பியிருக்கிறார். ஷிப்ட்காரர் நிம்மதியாக மூச்சு விட்டார்.

எல்லாரும்.

பத்து வருஷத்தில் இந்த மனிதர் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை. நின்றபடியே நோட்டை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டாள்.

“நம்பர் சொல்லுங்கண்ணே.”

“அட, அதான் சொல்றேனே...”

“நம்பர் சொல்லுங்க. ஒண்ணு?”

“ஒண்ணு.”

“ரெண்டு?”

“ரெண்டு.”

“மூணு?”

“மூணு வந்தாச்சு.”

“நாலு?”

வயர்லெஸ் இரைந்தது. அவள் மறுபடி கேட்டாள். அப்புறம்தான் அவர் வாயைத் திறந்தார். “ஏணிகிட்ட வந்துட்டான் தங்கச்சி. குமிழி தெரியுது. நீ படி இறங்கி, படகுக்காரர் கயிறை அவுத்து வர்றதுக்குள்ள இவன் மேல ஏறிடுவான். அதான்...”

“சித்தப்பா, இன்ஜினை நிறுத்துங்க. நீர்வழி மூடியிருக்கு. எல்லாப் படகும் அப்படியே நில்லுங்க.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். மேஸ்திரிமேல் அப்படி ஒரு கோபம் வந்தது, எதிரில் இருந்தால் அறைந்திருப்பாள். அடுத்த நொடியே அழுகை வந்தது. அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் அந்த மனுஷன் சொன்னார். நல்லது செய்கிறவர்கள்தான் இந்தத் துறையில் ஆளைக் கொல்லுகிறார்கள்.

ஒரு நிமிடத்தில் ஏறிவிடுவான் என்றார்கள். ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து ஆயிற்று. குமிழி ஏணிப் பக்கம் தெரிந்தது உண்மைதான், ஆனால் அது குழாயில் கசிந்த காற்று, ஆள் அங்கே இல்லை. அறுந்த தூணிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கம்பியில் அவனுடைய காற்றுக்குழாய் சிக்கியிருந்தது. மேலே வந்திருந்த இருவர் மறுபடி இறங்கினார்கள். ஒண்ணு கீழே, ரெண்டு கீழே என்று மேஸ்திரி சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். அந்த ஆளின் குரலில் சுரத்தே இல்லை.

கைபேசி அதிர்ந்தது. தம்பி. அவள் எடுக்கவில்லை. எடுத்தால் அவன் என்ன சொல்வான் என்று தெரியும். அதைக் கேட்ட பிறகும் இந்தக் கை பொத்தானை அழுத்தாமல் இருக்குமா என்றுதான் தெரியவில்லை. அது நின்று, மறுபடி அதிர்ந்து, நின்றது. மூன்றாம் தடவை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. ஷிப்ட்காரர் மெதுவாகக் கை நீட்டிக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

ஒன்று ஆறுக்கு மேஸ்திரி கூப்பிட்டார். “நாலு. நாலு வந்தாச்சும்மா. உயிரோட இருக்கான்.”

“ஒண்ணுலேருந்து சொல்லுங்கண்ணே.”

அவர் ஒன்றிலிருந்து சொன்னார். அவள் நாலுக்கும் கோடு போட்டாள், நேரம் எழுதினாள், கையெழுத்துப் போட்டாள். பிறகு பொத்தானை அழுத்தி, விதிப்படி மூன்று தடவை அறிவித்தாள். குரல் உடையாமல் வந்தது. அது எப்படி என்று அவளுக்கே தெரியாது.

படகில் அவளைத் தவிர யாரும் ஏறவில்லை. துறையில் காத்திருந்தவர்கள் ஒதுங்கி நின்று அடுத்த நடைக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டார்களாம். சித்தப்பா அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. பழைய படகுத்துறையைத் தாண்டும்போது, திறந்த வழிதான் என்றாலும் வேகத்தைக் குறைத்தார். மிதவை மேடையில் மேஸ்திரி படகைப் பார்த்ததும் எழுந்து நின்றார், பிறகு திரும்பிக்கொண்டார். அவர் பக்கத்தில் ஒருவன் துண்டைப் போர்த்திக்கொண்டு இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்து டீ குடித்துக்கொண்டிருந்தான். தம்பி வயதுதான் இருக்கும். இவள் யாரென்று அவனுக்குத் தெரியாது. எந்தப் படகு போனாலும் காட்டுகிற மாதிரி கையைத் தூக்கிக் காட்டினான். அவளும் காட்டினாள்.

ஆஸ்பத்திரியில் தம்பி அறை வாசலிலேயே நின்றிருந்தான். ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உள்ளே கட்டில் பக்கத்து மேசையில் அப்பாவின் பழைய கை வயர்லெஸ், சத்தம் குறைத்து வைத்தபடி, இன்னும் பேசிக்கொண்டிருந்தது. ஓய்வு பெற்ற நாளிலிருந்து அதை அவர் அணைத்ததில்லை. நர்ஸ் இரண்டு நாளாக அதற்காகச் சண்டை போட்டிருந்தாள். ஷிப்ட்காரரின் குரல் மணல் தோணியை ஒதுங்கிப் போகச் சொன்னது.

“காலையிலேருந்து கேட்டுக்கிட்டேதான் இருந்தாரு,” என்றான் தம்பி. “நீ சித்தப்பாவை வேண்டாம்னு சொன்னது, எல்லாம். அப்புறம் கண்ணை மூடிட்டாரு, பேச்சு இல்ல. போயிட்டாருன்னே நினைச்சேன். அந்த ஆளு எல்லாரும் வந்தாச்சுன்னு சொன்னான் பாரு, படக்குனு கண்ணைத் திறந்தாரு. உனக்கு ரெண்டு தடவை அடிச்சேன்.”

“தெரியும்.”

“நீ வரணும்னு அடிக்கலக்கா. நாலு வந்தானான்னு கேக்கச் சொன்னாரு.”

வயர்லெஸ்ஸை அணைத்துவிடவா என்று கேட்டான். இருக்கட்டும் என்றாள்.

அப்பாவின் இடது கை போர்வைக்கு வெளியே இருந்தது. நர்ஸ் நேராக்கிவிட வந்தபோது, அக்கா வரட்டும் என்று தம்பி தடுத்து வைத்திருந்தான். சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் மூன்றும் உள்ளங்கைக்குள் மடங்கியிருந்தன. ஆள்காட்டி விரல் மட்டும் நீண்டு நின்றது.

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அந்த விரலைப் பிடித்தாள். இன்னும் சூடு இருந்தது. மெதுவாக அதையும் மடக்கிவிட்டாள்.