செய்தவர்: கே. மகேஸ்வரன்

அந்த விமானத்தைச் செய்தது நான், சொர்ணாம்பாள். எந்தச் சந்நிதியில் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன், கேட்கத்தான் நாதியில்லை.

சிங்கப்பூரில் இருக்கும் என் கொழுந்தன் அம்மையப்பன், தொண்ணூற்றைந்தில் ஊருக்கு வந்தபோது தன் அண்ணனுக்கு ஒரு பெட்டி கொண்டுவந்தான். உள்ளே இரண்டாம் உலகப் போரில் பறந்த ஹரிக்கேன் விமானத்தின் மாதிரி, துண்டு துண்டாக, பிளாஸ்டிக்கில். என் வீட்டுக்காரர் மகேஸ்வரன் வங்கி அதிகாரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒட்ட உட்கார்ந்தார். இரண்டு விரலைச் சேர்த்து ஒட்டிக்கொண்டார். "சவத்தத் தூக்கிப் பரண்ல போடுட்டி" என்று எழுந்துவிட்டார்.

நான் போடவில்லை. அவர் வேலைக்குப் போன பிறகு, மூன்று மாதம் நானே ஒட்டி, வண்ணம் தீட்டினேன். இறக்கையில் பச்சையும் பழுப்பும் வளைந்து வளைந்து சேரும் ஓரம் இருக்கிறதே, அது மார்கழி முழுக்கக் கோலம் போட்ட கைக்குத்தான் வரும். முதுகிலிருந்து வால் வரை போகும் வானொலிக் கம்பி பெட்டியிலேயே கிடையாது. மிஞ்சிய பிளாஸ்டிக் குச்சியைக் குத்துவிளக்குச் சுடரில் காட்டி, இளகியதும் இரண்டு முனையையும் பிடித்து இழுத்தேன். தலைமுடி கனத்துக்கு இழை வந்தது. சாமி விளக்கில் காட்டக் கூடாதுதான். காட்டினேன்.

மறு வருடம் பாளையங்கோட்டையில் ஒரு கைவேலைப் போட்டி. என் பெயரில் கொடுங்கள் என்றேன். கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் நான் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

"பொம்பள பேரப் போட்டா சிரிப்பாவட்டி. யார் பேரா இருந்தா என்ன, எல்லாம் ஒண்ணுதான?"

அங்கே போய்ப் பார்த்தால் விமானத்துக்கு முன்னால் சீட்டு: 'செய்தவர்: கே. மகேஸ்வரன்.'

நடுவர் தில்லைநாயகம், விமானப்படையில் இருபது வருடம் மெக்கானிக்காக இருந்தவர். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தவர் நிமிரவேயில்லை.

"பலே! ஏம்வே, இந்தக் கம்பிய எதுல செஞ்சீரு?"

இவர் திருதிருவென்று விழித்தார். "அது... நூலு சார்."

"நூலுன்னா பிசிறு தெரியுமேவே."

வசமாக மாட்டினார். எனக்கு உள்ளே குளிர்ந்தது. "நூல் இல்ல சார்" என்று முன்னால் வந்தேன். எந்தக் குச்சி, சுடரில் எவ்வளவு நேரம், எவ்வளவு வேகமாக இழுத்தால் அறுந்துபோகும், ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லச் சொல்லக் குரல் ஏறிக்கொண்டே போனது. இனி யாருக்குச் சந்தேகம் வரும்?

தில்லைநாயகம் ஆவென்று கேட்டார். கேட்டு முடித்து, இவர் தோளில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

"அடேயப்பா! வீட்டம்மாவுக்கே இந்த அளவுக்குச் சொல்லிக் குடுத்து வச்சிருக்கீரே! நீருதாம்வே ஆளு!"

சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். இவர் கொஞ்சமாவது கூச வேண்டுமே!

"ஆமா சார்" என்றார். "பைய பையக் கத்துக்கிடுதா."