கேசவன் கழுவிய தொட்டி

என் கணவர் கேசவனுக்குப் பச்சை நிறமே ஆகாது. கடலிலிருந்து மின் ஆலைக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாய்களுக்குள் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் அவருக்குச் சம்பளம். வருடக்கணக்காகக் குளோரின் விட்டு உயிர்களைத் துரத்துகிற மனிதர், ஆலை டவுன்ஷிப்பில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தால் மட்டும் சும்மா இருப்பாரா?

அது தொண்ணூற்றெட்டு, ஐப்பசி. எங்கள் மகள் வினிதாவுக்குப் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. உயிருள்ளதும் உயிரில்லாததும் ஒன்றையொன்று எப்படித் தாங்குகின்றன என்று காட்ட வேண்டுமாம். மாமல்லபுரம் போகிற சாலையோரக் குட்டையிலிருந்து சேறு, கூழாங்கல், பாசி, நத்தை, கெண்டைக் குஞ்சுகள் என்று கொண்டுவந்து கண்ணாடித் தொட்டியில் போட்டு ஜன்னல் வெயிலில் வைத்தாள். தண்ணீர் லேசாகப் பச்சை கட்டியது. குஞ்சுகள் குஷியாகத் திரிந்தன. எனக்கே அடுப்பை மறந்து பார்க்கத் தோன்றும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அவளும் கோயிலுக்குப் போய்த் திரும்புவதற்குள் இவர் கைவரிசையைக் காட்டிவிட்டார். குஞ்சுகளை வடிகட்டியில் பிடித்து, சேற்றையும் பாசியையும் கொல்லையில் விளிம்பு உடைந்து கிடந்த சிமெண்டுத் தொட்டியில் கொட்டி, கூழாங்கல்லை வேகவைத்து, கண்ணாடியை டெட்டால் போட்டுத் தேய்த்து, துளி உப்புகூட இல்லாத வடிநீரை அலுவலகத்திலிருந்து கேனில் கொண்டுவந்து நிரப்பி, குஞ்சுகளை அதில் விட்டிருந்தார்.

"பாரு சங்கரி, எவ்ளோ தெளிவு! அந்தப் பக்கம் தெரியுது!"

தெரிந்தது. மறுநாள் குஞ்சுகள் வயிற்றைக் காட்டி மிதந்ததும் நன்றாகவே தெரிந்தது.

"சீக்கு மீனா இருக்கும்" என்றார் கூசாமல். பிள்ளை மறுபடி குட்டைக்கு அலைந்தாள். இந்தத் தடவை முன்னெச்சரிக்கையாகக் குளோரின் விட்டார். அவையும் மிதந்தன. தலையில் அடித்துக்கொள்ள எனக்குக் கை போதவில்லை.

"ஏம்ப்பா இப்டி பேஜாரு பண்றீங்க?" என்று வினிதா அழுதாள். குப்பத்துச் சிநேகிதிகளிடம் பிடித்த பேச்சு. வேறு நாளாக இருந்தால் அதட்டியிருப்பேன். அன்று, "நல்லா கேளுடி" என்றேன்.

கண்காட்சிக்கு முதல் நாள். மேஜைமேல் பளபளவென்று வெறும் தொட்டி. அதில் வைக்க ஒன்றுமில்லாமல் வினிதா சாப்பிடாமல் படுத்திருந்தாள். இவரோ ப்ளீச்சிங் பவுடர் டப்பாவோடு கொல்லைக்குக் கிளம்பினார். சிமெண்டுத் தொட்டியில் மழைத்தண்ணீர் தேங்கிப் பச்சையாகிவிட்டதாம், கொசு வருமாம்.

எனக்கு வந்ததே கோபம்! ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன். "டப்பாவைக் கீழ வைங்க. எதையாவது கழுவியே ஆகணும்னா என் பாத்திரத்தைக் கழுவுங்க!"

என் சத்தம் கேட்டு வினிதா எழுந்து வந்தாள். அப்போது பாசிக்குள் ஏதோ புரண்டது. கெண்டை. சேற்றோடு கொட்டியபோது இவர் வடிகட்டிக்குத் தப்பியது. இப்போது என் சுண்டுவிரல் நீளம். சுவரெல்லாம் கடுகு கடுகாய் நத்தைக் குஞ்சுகள். கொசுப்புழு மருந்துக்குக்கூட இல்லை.

கேசவன் குனிந்து பார்த்தார்.

"இது என்னத்தைத் தின்னு வளந்துது?"

"நீங்க கொட்டின அழுக்கைத்தாம்ப்பா" என்றாள் வினிதா.

டப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டுச் சட்டைக்கையை மடித்தார். கண்ணாடித் தொட்டிக்கென்று இரண்டு கையாலும் சேற்றை அள்ளி அவள் பக்கெட்டில் போட்டார். நகக்கண்ணெல்லாம் சேறு. நான் வாயே திறக்கவில்லை. ஏதாவது சொல்லி, அதைக் கேட்டு மறுபடி கழுவ ஆரம்பித்துவிட்டால்?