எத்தனை மார்க் வாங்கினால் நம்புவீர்கள்

பிச்சை கேட்டிருந்தால்கூட ஐவி இத்தனை முறை படியேறியிருக்க வேண்டாம். ஒரே ஒரு கையெழுத்துக்காக நடையாய் நடந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம்.

மகள் ஜொவிட்டாவுக்கு அறிவுக்குக் குறைச்சல் இல்லை. எழுத்துகள்தான் அவள் கண்ணெதிரே இடம் மாறி ஆட்டம் காட்டும். டிஸ்லெக்சியா என்று டாக்டர் சான்றிதழே கொடுத்தாயிற்று. அடுத்த வருடம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. அவள் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் வேண்டும் என்ற விண்ணப்பத்தில் தலைமையாசிரியை ஆரோக்கியமேரி கையெழுத்துப் போட வேண்டும். சாந்தோம் கோயிலில் ஞாயிறு பூசைக்குப் பக்கத்தில் உட்காருகிறவர்தான், இருந்து என்ன பிரயோஜனம்?

"எதுக்கு ஐவி? போன டெஸ்ட்ல ஆள் போட்டோம், சயின்ஸ்ல தொண்ணூறு வாங்கிட்டா. இனிமே அவளே எழுதட்டுமே."

மருந்து வேலை செய்கிறது, அதனால் நிறுத்திவிடு என்கிற நியாயம். ஐவி பல்லைக் கடித்தாள்.

"அது என் மார்க் இல்ல மிஸ்," என்றாள் பக்கத்தில் நின்ற ஜொவிட்டா. "நான் சொன்னத அந்த அக்கா எழுதவேயில்ல. நீ சும்மா இரு, நான் பாத்துக்கறேன்னு அவங்களே எழுதிட்டாங்க."

பாவப்பட்ட பிள்ளைக்கு நல்ல ஆளாகப் போடலாம் என்று, பத்தாம் வகுப்பில் முதல் ராங்க் வாங்குகிறவளை அனுப்பியவரே ஆரோக்கியமேரிதான். அவளும் புண்ணியமாய்ப் போகட்டும் என்று எழுதித் தள்ளியிருக்கிறாள். எல்லோருக்கும் நல்ல மனசு. யாரைப் போய்த் திட்டுவது?

"அப்ப உனக்கு ஒண்ணும் தெரியாதா? தெரியாதவளுக்கு ஆள் எதுக்கு?"

"கேளுங்க மிஸ், சொல்றேன்."

கேட்டார். ஒளிச்சேர்க்கையிலிருந்து இதயத் துடிப்புவரை ஜொவிட்டா கடகடவென்று சொன்னாள். பாடத்தில் இல்லாததையும் சேர்த்தே சொன்னாள். ஆரோக்கியமேரியின் முகம் மலர்ந்துவிட்டது.

"இவ்ளோ தெரிஞ்சு வெச்சிருக்கியே. அப்புறம் ஆள் எதுக்கு?"

ஐவிக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. தெரியாவிட்டாலும் ஆள் கிடையாது, தெரிந்தாலும் கிடையாது. அவள் வாயைத் திறப்பதற்குள் ஜொவிட்டா முந்திக்கொண்டாள். குத்தலும் இல்லை, கிண்டலும் இல்லை. பிள்ளை தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"நான் எவ்ளோ மார்க் வாங்கினா மிஸ் நம்புவீங்க? சொல்லுங்க, அவ்ளோ மட்டும் வாங்கறேன்."

 ஆரோக்கியமேரி விண்ணப்பத்தை இழுத்து, பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். ஐவிக்கு அழுகை வந்துவிட்டது.