முதல் மாலை யார் போடுவது

என் தம்பி தனேஸ்வரனுக்குக் கோயில் வாசலில் வைத்து விலங்கு மாட்டிக் கூட்டிப்போனவர் இன்ஸ்பெக்டர் ஸ்கந்தராஜா. அந்த ஸ்கந்தராஜாவின் பாராட்டு விழாவில் முதல் மாலையைத் தான்தான் போடுவேன் என்று அதே தம்பி போன் பண்ணினால் எனக்கு மண்டை காயுமா காயாதா?

"ஒனக்கு என்னடா ஆச்சு?" என்றேன்.

"போடணும்க்கா. அவ்ளோதான் லா. என் பேர எழுதிக்க." வைத்துவிட்டான். பாரிட் புந்தாரில் அரிசி ஆலை லாரி ஓட்டுகிறவன். இரண்டு வார்த்தைக்கு மேல் பேசினால் வாய் தேய்ந்துவிடும் என்று நினைப்பு.

எங்கள் ஊர் லகாட் பக்கம். முன்பு ரப்பர் தோட்டம். இப்போது பாதி செம்பனை, பாதி வரிசை வீடு. மாரியம்மன் கோயில் மட்டும் நகராமல் இருக்கிறது. எங்கள் வட்டாரப் போலீஸ் நிலையத்துக்குப் பதினொரு வருஷம் தலைவராக இருந்த ஸ்கந்தராஜாவுக்கு வயது அறுபது ஆகி ஓய்வு. கோயிலில் விழா வைத்தோம். வாழ்த்துமடல் எழுதும் வேலையைக் கோயில் தலைவர் விக்னேஸ்வரன் அண்ணன் செயலாளரான என் தலையில் கட்டினார். "அடுத்தவங்க கத தோண்டுறதுல ஒன்ன விட்டா யாரு இருக்கா துளசி?" என்றார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

எனக்கும் அதில் ஒரு காரியம் இருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன் தம்பி ஈப்போவில் ஒரு கும்பலோடு சேர்ந்தான். ஒரு வெட்டுக்குத்தில் கார் ஓட்டிவிட்டு, லூமுட்டில் மீன்பிடிப் படகில் எட்டு மாதம் ஒளிந்திருந்தான். நேர்த்திக்கடனுக்குத் தீச்சட்டி எடுக்க வந்தவனைத்தான் பிடித்தார்கள். அவன் வருவது அம்மாவுக்கும் எனக்கும் அம்மாவின் தம்பி அப்பாவு மாமாவுக்கும் மட்டுமே தெரியும். அன்று காலை மாமா அந்த இன்ஸ்பெக்டரோடு காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன். அதற்கு மேல் சாட்சி வேண்டுமா? மாமா வீடு இரண்டு தெரு தள்ளித்தான். அன்றிலிருந்து பேச்சு கிடையாது. ஆனாலும் போலீஸ்காரர் வாயால் ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு அரிப்பு. வாழ்த்துமடலுக்குத் தகவல் வேண்டும் என்ற சாக்கில் போனேன்.

அவர் அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். சிலோன்காரர், கோபத்தில்கூட மரியாதை குறையாது.

"பெரிய கேஸ் ஏதாவது சொல்லுங்க துவான்" என்றேன். போலீஸ் ஐயாவை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"காணாமப் போன மாடு பதினாலு கண்டுபிடிச்சனான். அதை எழுதுங்கோ, பிள்ளை."

மாட்டை எழுதிக்கொண்டேன். குடும்பம், சொந்த ஊர், வாங்கிய பதக்கம் எல்லாம் எழுதினேன். பிறகு பேனாவை மூடிவிட்டுக் கேட்டேன். "என் தம்பி வர்றத ஒங்ககிட்ட சொன்னது யாரு?"

அவர் பெட்டிக்கு நாடா ஒட்டிக்கொண்டே சொன்னார். "தகவல் தந்த ஆளின்ர பேர் என்ர வாயில வராது. ஓய்வு எடுத்தாலும் வராது."

"நீங்க சொல்லாட்டியும் எங்களுக்குத் தெரியும் லா. என் மாமா. அப்பாவு."

கையிலிருந்த ஒட்டு நாடா கீழே விழுந்து உருண்டது. அவர் அதை எடுக்கவில்லை.

"ஆர் சொன்னது அப்பிடி?"

"அன்னிக்கு கடையில ஒங்களோட உட்கார்ந்திருந்தாரே."

"ஊர்வலத்துக்குப் பெர்மிட் கையெழுத்து வாங்க வந்தவர், பிள்ளை. கோயில்ல வேற ஒருத்தருக்கும் மலாய்ல கடிதம் எழுதத் தெரியேல்ல எண்டு." பிறகு கேட்டார். "இத்தனை வருஷமும் அவரோட கதைக்கேல்லையோ?"

"இல்ல துவான்."

"தம்பியிட்ட கேளுங்கோ. இண்டைக்கே கேளுங்கோ."

நிலையத்து வாசலிலேயே நின்று போன் போட்டேன். மறுமுனையில் லாரி இரைச்சல். கேட்டதும் இஞ்சினை நிறுத்தினான்.

"நான்தான்க்கா சொன்னேன்."

"என்னது?"

"நானே துவானுக்குப் போன் பண்ணேன். படகுல எத்தன நாளு கெடக்கிறது? ஆனா நானாப் போயி நின்னா, இவன் எல்லாத்தையும் கக்கிட்டான்னு அந்தக் கும்பல் வீட்டுக்கு வந்துரும். நீயும் அம்மாவும் தனியா இருந்தீங்க. அதான், தீச்சட்டிய எறக்கினதும் எல்லாரும் பாக்கப் பிடிங்கன்னு கெஞ்சினேன். சரின்னாரு. இப்ப அவனுங்க யாரும் வெளிய இல்ல, சொல்லலாம்."

தம்பியைப் பிடித்த அன்று அம்மா மண்ணை வாரி இன்ஸ்பெக்டர் மேல் தூற்றினாள். சாமி வாசலில் கைவைத்த பாவி என்று ஊரே ஏசியது. நான் ஏசியதை எழுத முடியாது. தொப்பியைத் தட்டிவிட்டு அவர் ஜீப்பில் ஏறியது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"மாமாவுக்குத் தெரியுமா?"

"மாமாவுக்கு என்ன சம்பந்தம்? நீங்க ரெண்டு பேரும் ஏதோ கோயில் கணக்குல சண்டன்னு சொன்னியே?"

ஆமாம், நான்தான் அப்படிச் சொல்லியிருந்தேன். சிறைக்குள் இருப்பவனுக்கு உண்மைக் காரணம் தெரிந்தால் வெளியே வந்து மாமாவை ஏதாவது செய்துவிடுவானோ என்று பயந்தேன். எவ்வளவு புத்திசாலி நான்!

ஞாயிற்றுக்கிழமை விழாவில் தம்பி முதல் மாலையைப் போட்டான். கூட்டத்தில் குசுகுசுவென்று பேச்சு கிளம்பியது. அவன் காதில் வாங்கவில்லை. அவர் காலைத் தொடக் குனிந்தான். அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார். நான் மடலை வாசித்தேன். பதினாலு மாட்டுக்கு நல்ல சிரிப்பு. "ஊர் ஏசியபோதும் பிறர் நன்மைக்காக வாய் திறவாதவர்" என்ற வரியை வாசித்தபோது தம்பியும் அவரும் மட்டும் தரையைப் பார்த்தார்கள்.

சட்டம் போட்ட மடலைக் கையில் கொடுத்தபோது அவர் மெதுவாகக் கேட்டார்.

"மாமா வரேல்லையோ?"

"நான் இன்னும் அவருகிட்ட போகல துவான்."

"எனக்கு ஏசினதை விடுங்கோ, பிள்ளை. அது என்ர வேலை. அவருக்கு என்ன தலையெழுத்து?"

மேடையை விட்டு இறங்கி, சாப்பாட்டுப் பந்தியைத் தாண்டி வெயிலில் நடந்தேன். இரண்டு தெரு. எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன் அம்மா இறந்தபோது, பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைத் தட்டில் வைத்துக்கொண்டு மாமா வந்தார். தம்பியின் கைக் கோடி இல்லாமல் எந்த அக்காவை அனுப்புவார்கள்? நான் வாசலை மறித்து நின்றேன். காட்டிக்கொடுத்தவன் கைத்துணி என் அம்மா மேல் படக்கூடாது என்றேன். மாமா தட்டோடு திரும்பி நடந்தார். அம்மா அந்தச் சேலை இல்லாமலே போனாள். அதை இனி என்னால் சரிசெய்ய முடியாது.

கேட்டைத் திறந்தேன். பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மாமா திரும்பி என்னைப் பார்த்தார். குழாயை அப்படியே போட்டார்.

"யாரு தவறிட்டாங்க துளசி?" என்றார். "ஒன் தம்பியா?"

சாவு விழுந்தால் ஒழிய நான் அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்றுதான் இத்தனை வருஷமும் நம்பியிருக்கிறார்.

"யாரும் இல்ல மாமா" என்று சொல்வதற்குள் எனக்கு அழுகை முட்டிவிட்டது. அவர் அதை நம்பாமல், செருப்பைத் தேடிக்கொண்டே, "வா, வா, நானும் வாரேன்" என்று கிளம்பினார்.