கொட்டையில்லாத எப்ரிகொட்

“என்னாங்க, சட்டைய மாட்டுங்க! போன் அடிக்குது!”

பாலம்மா நீளக்கைச் சட்டையை எறிந்தாள். கறுப்பையா இடது கையை நுழைத்து, மணிக்கட்டு வரை இழுத்துப் பொத்தானைப் போட்டார். பல்லேகல வெயிலில் தகரக்கூரை கொதித்தது. அதற்குள் அவள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு தோடம்பழ ஜெலி இனிப்பை எடுத்து, சீனியைத் தட்டி, கட்டைவிரலால் நசுக்கிச் சப்பையாக்கிக் கணவரின் கையில் திணித்தாள். எட்ட நின்று பார்த்தால் அசல் காய்ந்த எப்ரிகொட் பழம்.

திரையில் மகள் நிரோஷினி. மஸ்கட்டில் ஹோட்டல் சமையலறை வேலை. இன்று ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். கையெழுத்துப் போட்டால் இன்னும் இரண்டு வருடம். அப்பாவுக்கு ஏதோ என்று சந்தேகம் வந்தால் போதும், வேலையை உதறிவிட்டு விமானம் ஏறிவிடுவாள்.

“அப்பா, நான் அனுப்புன எப்ரிகொட் டின் வந்துச்சா?”

“தின்னுக்கிட்டேதான் பேசுறேன் புள்ள.”

“ராவுல ஊறப் போட்டு, காலைல தேசிக்காய் புளிஞ்சு சாப்பிடுங்க. அப்பதான் இரும்புச்சத்து ஒடம்புல சேரும். கண்ணுக்கும் நல்லது.”

“நேத்து வெட்டித் தயிர்ல போட்டு, தேன் மாதிரி கித்துள் பாணி ஊத்தி அடிச்சேன். ஒங்கம்மாவுக்கு ஒரு துண்டு குடுக்கலயே!”

“அடப்பாவி மனுசா,” என்றாள் பாலம்மா, முன்பே ஒத்திகை பார்த்து வைத்தபடி.

நிரோஷினி சிரித்தாள். கறுப்பையாவின் விரல் பட்டுப் படம் பெரிதாகி, அவள் கன்னம் மட்டும் திரையில் நின்றது. அப்படியே விட்டுவிட்டார். ‘வா’ என்ற சொல் தொண்டை வரை வந்தது. விழுங்கினார்.

“பொட்டாசியமும் நெறைய இருக்காம்ப்பா. பிரஷருக்கு நல்லதாம்.”

பாலம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“அப்ப, கையெழுத்துப் போட்டுறவா?”

“போடு. எனக்கென்ன கொறைச்சல்?” கையிலிருந்ததை வாயில் போட்டு, மென்று, விழுங்கிக் காட்டினார்.

திரையிலிருந்த கன்னம் விலகி, நிரோஷினியின் கண் நெருங்கி வந்தது.

“அப்பா... கொட்டை எங்க?”

“என்ன கொட்ட?”

“இந்தத் தடவ அனுப்புனது கொட்டையோட காஞ்ச முழுப்பழம். நீங்க துப்பவே இல்லியே. டின்னைத் தொறந்தீங்களா, இல்லியா?”

பாலம்மாவின் பார்வை அலுமாரிக்கு ஓடியது. உள்ளே டின், ஒட்டிய டேப்கூடப் பிரியாமல்.

“அப்பா, பேசுங்க!”

கறுப்பையா பொத்தானைக் கழற்றினார். சட்டைக்கையை முழங்கை வரை சுருட்டி, ஊசி குத்திப் பிளாஸ்டர் ஒட்டிய இடத்தைத் திரைக்கு நேரே நீட்டினார்.

“வந்துரு புள்ள. கிட்னி ரெண்டும் போயிருச்சு. பேராதனை ஆஸ்பத்திரியில மெஷின் வச்சு ரத்தம் சுத்தம் பண்றாங்க. நீ சொன்னியே பொட்டாசியம்... கிட்னி போனவனுக்கு அதுதான் எமன்.”